அக்காளுக்குக் கோட்டை காட்டிய ஞாயிறு

பத்து வருஷமாக அடுத்த தெருத் திருவிழாவுக்குக்கூடக் கூட்டிப்போகாத தம்பி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்று, "அக்கா, கோட்டை பாக்கப் போவமா?" என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பூங்காவனத்துக்கு வந்தது. அம்மிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜெயபாலன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். முகத்தில் பவுடர் வேறு. கண் மட்டும் அவள் முகத்துக்கு வராமல் கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்தக் கோட்டை?"

"கோலா லிங்கியில இருக்குலா. டச்சுக்காரன் கட்டுனது. இடிஞ்சு கெடக்கு. மேல ஏறி நின்னா கடலு அப்படியே தெரியும்."

"இடிஞ்சு கெடக்குறத பாக்க அவ்வளவு தூரம் போவணுமா? நம்ம குசினிச் செவுரு போதாதா?"

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் நக்கல்தான். பட்டறைத் தவுக்கே காடி குடுத்திருக்காரு. சும்மா கடக்கரையோரமா ஒரு நாள் போய்ட்டு வருவம். மாத்துச் சேலை ஒண்ணு எடுத்துக்க."

மாற்றுச் சேலை! அங்கேதான் இடித்தது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவளுக்கு மாற்றுச் சேலை எதற்கு?

அவள் சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை. சந்தேகப்பட அவளுக்கு நேரமே கிடையாது. மலாக்கா பாசாரில் மசாலா அரைத்து விற்கிறவள். அவள் இருக்கிற காஜா பெராங்கில் பாதி வீட்டுக் குழம்பு அவள் கைவண்ணம். ஜப்பான்காரன் காலத்தில் புருஷனைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். திரும்பி வந்த ஒருத்தன் சேதி சொன்ன அன்று அவளுக்கு வயது இருபத்திரண்டு. அன்றைக்குக் கட்டிய வெள்ளைச் சேலை. அதற்கு முன்னாலேயே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால், ஒன்பது வயசுத் தம்பியை இடுப்பில் தூக்காத குறையாக வளர்த்து, தெங்கேராவில் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் மோட்டார் பட்டறையில் சேர்த்து, இன்றைக்கு அவன் நாலு பேர் மதிக்கிற மெக்கானிக். அவனுக்கு அம்மா என்றாலும் அவள்தான், அப்பா என்றாலும் அவள்தான்.

ஆனால் இரண்டு மாசமாக வீட்டில் காற்றே சரியில்லை. பத்து பெரெண்டாம் ஊரில் இருக்கிற சித்தப்பா அப்பாசாமி ஒரு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததிலிருந்து ஆரம்பித்தது. லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெண், அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார். நல்ல விஷயம்தானே என்று பூங்காவனம் சந்தோஷப்பட்டாள். பெண் பார்க்கப் போன அன்று, "காடியில எடம் இல்லம்மா, நீ அடுத்த தடவ வா" என்றார் சித்தப்பா. ஆறு பேர் போனார்கள். வளர்த்தவளுக்கு இடமில்லை. சரி, போகட்டும். அதற்கப்புறம் சித்தப்பா சம்சாரம் சின்னம்மா கிணற்றடியில் நின்று, "நாளைக்கு ஒரு பொண்ணு வந்து வாழப்போற வீடு. இது குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டு..." என்று இழுத்ததும் அவள் காதில் விழுந்தது. 'இது' என்றது யாரை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? போன வாரம் சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். போர்ட்டிக்சனில் ஒன்றுவிட்ட அத்தை படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம்.

கோலா லிங்கி ஆற்றைச் சம்பான் படகில் தாண்டினால் அந்தப் பக்கம் போர்ட்டிக்சன் போகிற ரோடு. இப்போது மாற்றுச் சேலையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ஆக, அக்காளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வரப்போகிறான்!

'பாக்கறேன்டா. எதுவரைக்கும் நடிக்கிறன்னு பாக்கறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பூங்காவனம் எழுந்து கை கழுவினாள். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கையில் மஞ்சள் போகாது. முகத்துக்கு மஞ்சள் பூசக் கூடாது என்று விலக்கப்பட்டவளின் கை வருஷம் முழுக்க மஞ்சள். மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டாள். அவன் கேட்டதைச் செய்தால்தானே அவன் திட்டம் வெளியே வரும்.

காரில் ஏறும்போது அடுத்த வீட்டு மீனாச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். அவள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் கலந்துபோன செட்டி வீட்டுப் பெண். பேர் தமிழ், சாமி நம்ம சாமி, வாயைத் திறந்தால் மலாய்தான் வரும்.

"பூங்கா! குருசி எனாம் சுக்குப்கா?"

ஆறு நாற்காலி போதுமா என்று கேட்கிறாள். எதற்கு நாற்காலி? யார் கேட்டது? பூங்காவனம் வாயெடுப்பதற்குள் ஜெயபாலன் படாரென்று கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"என்னாடா நாற்காலி?"

"யாருக்குத் தெரியும்? வேற யாரோ கேட்டிருப்பாங்க. அவங்களுக்கு எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பேசறதே வழக்கம்."

மீனாச்சி பதினைந்து வருஷத்தில் ஒரு தேங்காயைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. 

தெங்கேரா தாண்டியது. கிளேபாங் வந்ததும் இடது கைப்பக்கம் கடல் கூடவே வர ஆரம்பித்தது. தென்னை மரங்களுக்கு நடுவில் தண்ணீர் பளபளவென்று வருவதும் மறைவதுமாக இருந்தது. நல்ல காற்று. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து எட்டு மாசம் ஆகிறது, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் புதுக் கொடி பறக்கிறது. நாடே வெளியே வந்தாயிற்று, பூங்காவனம் தெங்கேராவைத் தாண்டி இந்த ரோட்டைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேறொரு நாளாக இருந்தால் சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்திருப்பாள். இப்போது கடலைப் பார்க்க முடிகிறதா? தம்பியின் மூஞ்சியைப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

அவன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். இந்த மோரிஸ் வண்டியில் பிஸ்டன் எப்படி, கிளச் எப்படி, வெள்ளைக்காரன் எப்படி வைத்திருந்தான், தவுக்கே எப்படி வாங்கினார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்கிறவன்! பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"போர்ட்டிக்சன் அத்தைக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"எந்த அத்தை?"

"படுத்துக் கெடக்காங்கன்னு சித்தப்பா சொன்னாரே."

"ஓ, அவங்களா. எனக்கு எப்படித் தெரியும்?"

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. 'பயல் நல்லாத் தேறிட்டான்' என்று நினைத்துக்கொண்டாள்.

தஞ்சோங் கிளிங்கில் மலாய்க்காரர் கடை ஒன்றில் பசியாற நிறுத்தினான். அவளுக்கு நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, வாங்கிக் கொடுத்தான். அவன் சாப்பிடவில்லை. கோப்பியை ஆற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவள் முடித்ததும், "இன்னொரு கோப்பி குடிக்கிறியா?" என்றான்.

"வேணாம்."

"பலகாரம் ஏதாச்சும்?"

"ஏன்டா, என்னா ஆச்சு ஒனக்கு? பாசார்ல பத்து நிமிஷம் நின்னா பறக்கிறவன் நீ."

"நாளு பூராவும் நம்ம நாளுதானே" என்று சிரித்தான். பல் சிரித்தது. கண் கடிகாரத்துக்குப் போனது.

அப்போதுதான் பூங்காவனத்துக்கு ஒன்று உறைத்தது. போய்ச் சேரவேண்டிய அவசரம் உள்ளவன் இப்படியா உட்கார்ந்திருப்பான்? நேரத்தைத் தள்ளுகிறான். சோதித்துப் பார்ப்போம் என்று தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயா, தல வலிக்குதுடா. வீட்டுக்கே போயிடுவமா?"

"ஐயோ, இல்ல இல்ல!" கோப்பி சிந்திவிட்டது. "இவ்வளவு தூரம் வந்துட்டு... காத்துப் பட்டா சரியாயிடும். கடையில மாத்திரை வாங்கியாறேன், இரு."

ஓடினான். வலிக்காத தலையைப் பிடித்துக்கொண்டு அவள் அவன் முதுகையே பார்த்தாள்.

மஸ்ஜிட் தானா தாண்டி வலது கைப்பக்கம் ஒரு செம்மண் பாதை ரப்பர் மரங்களுக்குள் பிரிந்து போயிற்று. ஜெயபாலன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். காது சிவந்தது. உடனே பார்வையை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அதையும் அவள் குறித்துக்கொண்டாள்.

கோட்டை என்றதும் கொஞ்சமாவது மதில், கோபுரம் என்று பூங்காவனம் நினைத்திருந்தாள். ஏறி வந்து பார்த்தால் துளைதுளையாக அரித்த சிவப்புக் கற்கள். சில இடத்தில் தோள் உயரம், சில இடத்தில் முழங்கால் உயரம். சுவரைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருந்தது. உள்ளே இரண்டு ஆடு மேய்ந்தது. கீழே ஆறு கடலில் கலந்தது. அக்கரைக்குப் போகிற சம்பான் ஒன்று கட்டிக் கிடந்தது. சம்பான்காரர் நிழலில் படுத்திருந்தார்.

"இதுவாடா கோட்டை?"

"அந்தக் காலத்துல பெருசா இருந்திருக்கும்."

அவள் சம்பானைப் பார்த்தாள். இதுதான் சமயம். "அந்தப் பக்கம் போயி அத்தையப் பாத்துட்டு வருவமா? இவ்வளவு தூரம் வந்துட்டம்."

அவன் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. "எதுக்கு? அங்க போனா ராத்திரி ஆயிடும். இங்கயே ஒக்காந்துட்டுப் போலாம். மூணு மணி போல கெளம்புனா சரியா இருக்கும்."

"மூணு மணிக்கா? இப்ப மணி பதினொன்றரை."

"காத்து நல்லா இருக்குலா."

ஆக, அத்தை வீடு இல்லை. அவளை எங்கேயும் கொண்டுபோய் விட அவன் வரவில்லை. எதற்காக வந்தான் என்று பார்ப்பதே தப்பு. எங்கிருந்து வந்தான் என்று பார்க்கவேண்டும். மூன்று மணி வரைக்கும் அவள் வீட்டில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். வீட்டில் என்ன நடக்கிறது? ஆறு நாற்காலி. நேற்று சித்தப்பா கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டுப் போன வாழையிலைக் கட்டு. பூஜைக்கு என்றார். பூஜைக்கு யாராவது அவ்வளவு இலை வாங்குவார்களா? நேற்று சாயங்காலம் சின்னம்மா அதிசயமாக வந்து முன் அறையைத் துடைத்துக் கோலம் போட்டாள். 'சும்மா இருக்கேன், செய்யறேன்' என்றாள். சும்மா இருக்கிற சின்னம்மாவை அவள் என்றைக்குப் பார்த்திருக்கிறாள்?

பூங்காவனம் இடிந்த சுவரில் உட்கார்ந்தாள். 

"ஜெயா. இங்க வா. என் மூஞ்சியப் பாரு. இன்னிக்கு நம்ம வீட்டுக்கு யாரு வராங்க?"

"யாரும்..."

"பொய் சொன்னா இங்கயே உருண்டு விழுவேன். பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வராங்க. ஆமாவா இல்லியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா" என்றான்.

"மாப்பிள்ளை நீயே இங்க நிக்கிற?"

"என்னைத்தான் ஏற்கனவே பாத்துட்டாங்களே. வீடு பாக்கத்தான் வராங்க, நீ இருக்கணும்னு அவசியம் இல்லன்னு சித்தப்பா சொன்னாரு. அக்காவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ... நல்ல காரியம் பேசற எடத்துல எதிர்ல வெள்ளச் சேல நிக்க வேணாம்னு..."

"சித்தப்பா சொன்னாரு. சரி. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நீ என்னா சொன்ன?"

அவன் சுவர்க் கல்லை நகத்தால் சுரண்டினான்.

"ஒன்னத்தான் கேக்கறேன். நீ என்னா சொன்ன?"

"சரின்னேன்."

பூங்காவனத்துக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடு ஒன்று பக்கத்தில் வந்து அவள் மாற்றுச் சேலைப் பையை முகர்ந்து பார்த்தது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டி விரட்டினாள்.

"இது எதுக்குடா எடுத்துக்கச் சொன்ன?"

"மழ கிழ வந்தா நனைஞ்சிடுவன்னுதான்." அவனும் அழுதுகொண்டிருந்தான். "நெசமா, அக்கா."

"என்னைக் கேட்டிருந்தா நானே போயிருப்பேனேடா! கோயில்ல போயி ஒக்காந்திருப்பேன். மீனாச்சி வீட்டுல இருந்திருப்பேன். எனக்குத் தெரியாதா இந்த முறையெல்லாம்? எந்த விசேஷத்துல நான் முன்னால போயி நின்னேன்? அடுப்படியிலதான் இருந்தேன். ஆனா ஏமாத்தி இட்டாந்தியே. கோட்டை காட்டறேன்னு சொல்லி, நாசி லெமாக் வாங்கிக் குடுத்து... சந்தோஷமா வந்தவ மாதிரி ஆக்கிட்டியே என்னை. இன்னிக்கு மூணு மணி வரைக்கும் ஒளிச்சு வச்ச. கல்யாணத்தன்னிக்கு எங்க ஒளிப்ப? அதுக்கப்புறம் அந்த வீட்டுல தினமும் எங்க ஒளிப்ப?"

அதுதான் கேள்வி. அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

 மூக்கைச் சிந்திப் போட்ட பிறகு பூங்காவனம்தான் ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் புத்தி தெளியும். அது பாசாருக்கே தெரிந்த விஷயம்.

"பொண்ணு பாக்கப் போனப்ப அங்க யாரு யாரு இருந்தாங்க?"

"பொண்ணோட மாமன், மாமி, மாமி வீட்டு ஆளுங்க."

"அப்பா?"

"இல்ல. எறந்துட்டாரு. ரொம்ப வருஷம் ஆச்சாம்."

"அம்மா?"

"அம்மா வெளிய வரல. உள்ளாறயே இருந்தாங்க. கதவோரமா நெழல் மட்டும் தெரிஞ்சுது." சொல்லி முடிக்கும்போதே அவனுக்கும் ஏதோ புரிந்து குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இன்னிக்கு நம்ம வீட்டுக்கு அந்தம்மா வந்திருக்காது."

"வந்திருக்காது."

"வர்ற வழியில செம்மண் ரோடு ஒண்ணப் பாத்தியே, காது செவக்க. அதானே வீடு?"

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான்.

"காடிய எடு."

"அக்கா, வேணாம். முறையில்ல. கலியாணம் நின்னுபோயிடும். சித்தப்பா என்னைக் கொன்னுடுவாரு."

"நிக்கட்டும். என்னை ஒளிச்சு வச்சு நடக்குற கலியாணம் நின்னா என்ன, நடந்தா என்ன? எடுக்கிறியா, இல்ல நடந்தே போவவா?"

தோட்டத்து வீடு கட்டைகள் மேல் நிற்கிற பலகை வீடு. வாசலில் கயிற்றுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு ஓர் அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சேலை. நெற்றி வெறும் நெற்றி. படிக்கட்டுக்கு மேலே அவள், கீழே பூங்காவனம்.

"யாரும்மா?"

"மலாக்கா காஜா பெராங்கிலருந்து வர்றோம். நான் மாப்பிள்ளையோட அக்கா, பூங்காவனம். இவன்தான் மாப்பிள்ளை. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. "இன்னிக்கு எங்க ஆளுங்க ஒங்க வீட்டுக்குத்தானேம்மா வந்திருக்காங்க? நீங்க எப்படி இங்க..."

"நான் அங்க இருக்கக் கூடாதாம். நீங்க ஏன் போவல?"

"நான் எப்படிம்மா போறது?" என்று சொல்லி அந்த அம்மாள் தன் சேலையைப் பார்த்தாள். அப்புறம் பூங்காவனத்தின் சேலையைப் பார்த்தாள். மேற்கொண்டு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "உள்ள வாங்க. என் பேரு அஞ்சலை" என்றாள்.

உள்ளே பாய் விரித்தாள். பெண் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஜெயபாலனைக் கண்டதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பாக்கியம் என்று பெயர். கையில் சிவப்பு மை. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வாம்மா, ஒக்காரு" என்றாள் பூங்காவனம். "நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவ. இன்னிக்கு ஒங்க மாமன் வர்றாருன்னு என்னைக் கோட்டை காட்டறேன்னு ஏமாத்தி இட்டாந்தான் என் தம்பி. நான் எதிர்ல நிக்கக் கூடாதாம். சித்தப்பா சொன்னாராம், இவன் சரின்னானாம். கெட்டவன் இல்ல. குடி கிடையாது, சூது கிடையாது, வேலை சுத்தம். ஆனா பெரியவங்க வாயத் தொறந்தா இவன் வாய மூடிக்குவான். வளத்த என்னையே ஒளிச்சவன், நாளைக்கு ஒங்கம்மாவையும் ஒளிப்பான். இதச் சொல்லத்தான் வந்தேன். யோசிச்சுக்க."

தம்பி நொறுங்கிப்போய் நின்றான். அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னதில் ஒரு சொல்லைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

பாக்கியம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நேராக ஜெயபாலனைப் பார்த்துக் கேட்டாள். வகுப்பில் கேட்கிற குரல் அது.

"கலியாணத்துல எங்கம்மா எங்க நிப்பாங்க?"

"பாக்கியம், பேசாம இரு" என்றாள் அஞ்சலை.

"சொல்லட்டும்மா."

ஜெயபாலன் இழுத்தான். "பெரியவங்க எப்படிச் சொல்றாங்களோ..."

"அப்படின்னா நீங்க பெரியவங்களையே கட்டிக்குங்க" என்று சொல்லி அவள் எழுந்துவிட்டாள். பின்னறைக் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"இருங்க!" ஜெயபாலனின் குரல் உடைந்து பெரிதாக வந்தது. "முன்னால நிப்பாங்க. ஒங்கம்மாவும் முன்னால, எங்கக்காவும் முன்னால. ரெண்டு பேரும் மணைக்குப் பக்கத்துல நிக்காம நான் தாலியக் கையில எடுக்க மாட்டேன். சித்தப்பாகிட்ட நானே சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

பூங்காவனத்துக்கு உடனே சந்தோஷம் வந்துவிடவில்லை. முதலில் சுருக்கென்று வலித்தது. பதினைந்து வருஷம் சோறு போட்ட அக்காளுக்காக வராத வார்த்தை, ஒரு நிமிஷம் கதவருகே நின்றவளுக்காக வருகிறது பார்! இவன் சொல்கிற மாதிரி செய்வானா? சித்தப்பாவின் குரலைக் கேட்டால் மறுபடி சுருண்டுவிடுவானா? சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னான். மூன்று பெண்கள் முன்னால் சொன்னான். இனி சுருண்டால் நிமிர்த்துவதற்கு வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள்.

பாக்கியம் கதவருகிலிருந்து திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குச் சரி" என்றாள். அவ்வளவுதான். நோட்டுப் புத்தகத்துக்குச் சரி போடுகிற மாதிரி சொன்னாள்.

பூங்காவனம் காலை நன்றாக மடித்து உட்கார்ந்துகொண்டாள். "அஞ்சலையம்மா, எனக்குப் பசிக்குது. சோறு இருந்தாப் போடுங்க."

அஞ்சலை பதறிப்போனாள். பதறாமல் எப்படி? சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, மாற்ற முடியாது. காஜா பெராங்கில் இந்நேரம் சித்தப்பா இலையைப் போட்டு வைத்துக்கொண்டு, 'கை நனையுங்க, கை நனையுங்க' என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். பெண்ணின் மாமன், 'அதெல்லாம் பேசி முடிச்சப்புறம் பாப்பம்' என்று மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

"அங்க எங்கண்ணன் என்னா முடிவு பண்ணாருன்னு தெரியாதேம்மா. நாம இங்க..."

"அவங்க பேசட்டும். பேசறதுக்குத்தானே போயிருக்காங்க. நீங்க பெத்து வளத்தீங்க. நான் பெக்காம வளத்தேன். நாம முடிக்காம வேற யாரு முடிக்கிறது?"

அஞ்சலை மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று குசினிக்குள் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. சோறும், கருவாட்டுக் குழம்பும், கங்கோங் கீரையும் வந்தன. ஒரு தட்டைப் பூங்காவனத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஜெயபாலனுக்கு இன்னொன்று எடுக்கத் திரும்பினாள்.

"அவன் இருக்கட்டும். ஒங்க தட்டு எங்க?"

"எனக்கா? நான் அப்புறமா உள்ளாற சாப்பிட்டுக்குவேன். நான் எப்பவும் அடுப்படியிலதான்..."

"நானும் அடுப்படிதான். பதினஞ்சு வருஷமா அடுப்படிதான்" என்றாள் பூங்காவனம். பாக்கியம் அதற்குள் ஓடிப்போய் இன்னொரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து எதிரே வைத்தாள். பூங்காவனம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

"ஒக்காருங்க, சம்பந்தி."

அந்தச் சொல்லைச் சித்தப்பாவும் மாமனும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதற்காகத்தான் அங்கே ஆறு நாற்காலி போட்டிருந்தது. அஞ்சலை இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் சோற்றில் கை வைத்தார்கள்.